'விமானியின் தவறு': ஒரு தீர்ப்பின் வரலாறு

1912 மே 13. இங்கிலாந்தின் ப்ரூக்லண்ட்ஸ் திடலுக்கு மேலே பறந்த சின்ன விமானம் ஒன்று திரும்பும்போது சரிந்து விழுந்தது. ஓட்டியவரும் உடன் போனவரும் இறந்தார்கள். ராயல் ஏரோ கிளப் ஒரு குழுவை வைத்து விசாரித்து அறிக்கை வெளியிட்டது. விமான விபத்தை முறையாக விசாரித்து அச்சிட்ட அறிக்கைகளில் மிகப் பழையது என்று அதைத்தான் சொல்வார்கள். குழு கண்ட முடிவு: காரணம் விமானியே, அந்தத் திருப்பத்தில் இருந்த ஆபத்தை அவர் போதிய அளவு உணரவில்லை.

செத்துப்போனவர் எழுந்து வந்து மறுப்புச் சொல்ல முடியாது. நான் நினைத்தது இது, எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான் என்று விளக்கவும் முடியாது. அதனாலேயே இந்தத் தீர்ப்பு எழுதுவதற்கு எளிதாக இருந்தது. உலோகம் உடைந்ததா, என்ஜின் நின்றதா, இறக்கை பிய்ந்ததா என்று பார்ப்பார்கள். ஒன்றும் இல்லையென்றால் மிஞ்சுவது மனிதன். அவன் தலையில் எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள். பல பத்தாண்டுகள் இப்படித்தான் நடந்தது.

நான் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விமானிகளை முகம் பார்த்துப் பழகியதைவிடக் குரலாகக் கேட்டுப் பழகியதே அதிகம். பணிக்காலத்தின் பிற்பகுதியில் புதிதாக வருகிறவர்களுக்கு விபத்து அறிக்கைகளைப் பாடமாக நடத்தினேன். அவற்றை மறுபடி மறுபடி படித்ததில் ஒன்று உறுதிப்பட்டது. 'விமானியின் தவறு' என்று எழுதி நிறுத்திய இடத்தில்தான் உண்மையான விசாரணை தொடங்கியிருக்க வேண்டும். அப்படித் தொடங்கக் கற்றுக்கொண்டவர்களின் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கதை இரண்டாம் உலகப் போரில் தொடங்குகிறது. அமெரிக்கப் படையின் பி-17 குண்டுவீச்சு விமானங்களுக்கு விசித்திரமான ஒரு கேடு வந்துகொண்டிருந்தது. விமானம் பத்திரமாகத் தரையிறங்கிவிடும். ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கும்போது சக்கரங்கள் மடங்கும், வயிறு தரையில் மோதும், புரொப்பெல்லர்கள் வளையும். எந்திரத்தில் கோளாறு எதுவும் இல்லை. தரையிறங்கிய பிறகு இறக்கையின் ஃபிளாப்பை மடக்க வேண்டிய விமானி, லேண்டிங் கியரை மடக்கிவிட்டிருந்தார். ஒருவர் இருவர் அல்ல, நன்கு பயிற்சி பெற்ற பலர் இதையே செய்தார்கள். 'விமானியின் தவறு' என்று பதிவாயிற்று.

ஓஹியோ மாநிலத்தில் டேட்டன் நகரை ஒட்டிய ரைட் ஃபீல்டு தளத்தில் வான்மருத்துவ ஆய்வகம் ஒன்று இருந்தது. அங்கே அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற இளம் உளவியலாளரிடம் இந்தச் சிக்கல் வந்தது. விமானிகளின் நரம்புத் தளர்ச்சியையோ குணத்தையோ அவர் ஆராயப் போகவில்லை. போய் விமானி இருக்கையில் உட்கார்ந்து பார்த்தார். ஃபிளாப்புக்கு ஒரு சுவிட்ச், கியருக்கு ஒரு சுவிட்ச். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே வடிவம். அதே காலத்தில் பறந்த சி-47 சரக்கு விமானத்தில் இந்த இரண்டும் தள்ளித் தள்ளி இருந்தன, இயக்கும் முறையும் வேறு. அங்கே இந்த விபத்து நேரவில்லை. உப்பையும் சர்க்கரையையும் ஒரே மாதிரி டப்பாவில் அடுத்தடுத்து வைத்துவிட்டு, இருட்டில் காபி போடுகிறவரைத் திட்டுவது போன்றதுதான் அதுவரை நடந்தது. இங்கே காபி போடுகிறவர் பல மணி நேரம் எதிரியின் குண்டுகளுக்கு நடுவே பறந்துவிட்டு வந்தவர்.

சபானிஸ் சொன்ன தீர்வு ஒரு கைப்பிடி அளவுதான். கியர் இயக்கியின் நுனியில் சின்ன ரப்பர் சக்கரம் ஒன்றை மாட்டினார். ஃபிளாப் இயக்கியின் நுனியில் ஆப்பு வடிவத் துண்டு ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் கைக்குத் தெரியும். இன்று நீங்கள் ஏறும் எந்தப் பயணிகள் விமானத்திலும் கியர் கைப்பிடி சக்கர வடிவத்தில் இருக்கும். அமெரிக்க விமானத் தகுதி விதிகளே அந்த வடிவத்தைப் படம் போட்டுக் கட்டாயமாக்கியிருக்கின்றன. விமானி அறையைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் அந்தக் குட்டிச் சக்கரத்தைத் தேடிப் பாருங்கள்.

போர் முடிந்ததும் அதே ரைட் ஃபீல்டில் பால் ஃபிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் இருவரும் இதைப் பெரிய அளவில் செய்தார்கள். விமானிகளிடம் போய், நீங்கள் செய்த தவறையோ அடுத்தவர் செய்து நீங்கள் பார்த்த தவறையோ விவரமாகச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். தண்டனை இல்லை என்றதும் விமானிகள் பேசினார்கள். கருவிகளை இயக்குவதில் நேர்ந்த 460 அனுபவங்கள் ஓர் அறிக்கையிலும், கருவிகளைப் படிப்பதில் நேர்ந்த 270 அனுபவங்கள் இன்னோர் அறிக்கையிலும் 1947-ல் தொகுக்கப்பட்டன. தலைப்பிலேயே 'விமானியின் தவறு' என்பதை மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தார்கள். அந்தச் சொற்களின் மேல் அவர்களுக்கு அவ்வளவு ஐயம்.

460-ல் ஏறத்தாழப் பாதி, ஒரு கைப்பிடிக்குப் பதில் இன்னொன்றை இயக்கியது. ஏன் என்பதற்கான விடை தொழிற்சாலையில் இருந்தது. பி-25 விமானத்தில் கைப்பிடிகளின் வரிசை திராட்டில், புரொப்பெல்லர், எரிபொருள் கலவை. சி-47-ல் புரொப்பெல்லர், திராட்டில், கலவை. சி-82-ல் கலவை, திராட்டில், புரொப்பெல்லர். நேற்று ஒன்றை ஓட்டிய கை இன்று இன்னொன்றில் பழக்கப்படி நீள்கிறது. அந்தக் கையின் மேல் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

இரண்டாம் அறிக்கை முக்கியமாகச் சுட்டியது ஆல்டிமீட்டரை. அந்தக் கால உயரமானியில் கடிகாரம்போல மூன்று முட்கள். நீளமானது நூறு அடிகளுக்கு, குட்டையானது ஆயிரத்துக்கு, மிகச் சின்னது பத்தாயிரத்துக்கு. மிகப் பெரிய தவறுக்கு வழிவிடும் முள்ளே கண்ணுக்கு மிகக் குறைவாகத் தெரியும். மற்ற முட்கள் அதை மறைக்கவும் செய்யும். 1947-லேயே இது அச்சில் இருந்தது. 1958 ஏப்ரல் 28 அன்று லண்டனிலிருந்து பிரெஸ்ட்விக் போன வைக்கவுண்ட் விமானத்தின் தலைமை விமானி, 14,500 அடியில் இருப்பதாக நம்பி இறங்கினார். இருந்தது 4,500 அடியில். ஸ்காட்லாந்தின் ஏர் நகரை அடுத்த குன்றில் விமானம் மோதியது. பயணிகள் இல்லை, பணியாளர்கள் ஐந்து பேரும் தப்பினார்கள். அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று சோதனைப் பறத்தலில் இருந்த பிரிட்டானியா விமானம் இங்கிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் அருகே மூடுபனிக்குள் இறங்கித் தரையில் மோதியது. உயரமானியைப் பத்தாயிரம் அடி கூடுதலாகப் படித்திருந்தார்கள். 12 பேரில் 9 பேர் மாண்டார்கள். எச்சரிக்கை வெளிவந்து பதினோரு ஆண்டுகள் ஆகியும் அந்த மூன்று முட்கள் விமானங்களில் இருந்தன என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

கைப்பிடியும் முள்ளும் கண்ணுக்குத் தெரிபவை. அடுத்து வந்தது கடினமான பகுதி: பேச்சு, பதவி, தூக்கம், அவசரம். அதற்குப் போகும் முன் என் தொழிலில் இருந்து ஒன்று சொல்ல வேண்டும்.

வானில் ஏதாவது சம்பவம் நடந்தால் எங்கள் அலுவலகத்தில் முதலில் செய்வது டேப்பை சீல் வைப்பது. கோபுரமும் விமானிகளும் பேசியது முழுக்க அதில் பதிவாகியிருக்கும். பிறகு ஒரு அறையில் உட்கார்ந்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, பேச்சை எழுத்தில் இறக்குவோம். நேரம், பேசியவர், கேட்டவர், சொன்னது என்று நொடிக் கணக்கில் கட்டம் கட்டமாக. புரியாத இடத்தை ரீவைண்ட் செய்து நாலைந்து பேர் கேட்போம். டைப் அடித்து முடித்த தாளைப் பார்த்தால் எல்லாம் பளிச்சென்று இருக்கும். இந்த வரியிலேயே இவன் சுதாரித்திருக்க வேண்டாமா என்று தோன்றும். ஆனால் அந்த வரி காதில் விழுந்த நொடியில் பக்கத்து நிலையத்தின் டெலிபோன் அடித்துக்கொண்டிருந்தது, கையில் வேறொரு விமானத்தின் விவரச் சீட்டு (ஸ்ட்ரிப்) இருந்தது, ரேடியோவில் இரைச்சல். தாளில் அவை ஏறுவதில்லை. தெரிந்த சக ஊழியரின் குரலை அந்த டேப்பில் கேட்டவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

இதை உளவியலாளர் பரூக் ஃபிஷாஃப் 1975-ல் சோதித்துக் காட்டினார். 1814-ல் பிரிட்டிஷ் படைக்கும் கூர்க்கர்களுக்கும் நடந்த போரைப் பற்றிய ஒரு குறிப்பைப் படிக்கக் கொடுத்தார். சிலருக்கு முடிவு சொல்லப்பட்டது, அதுவும் ஆளுக்கொரு முடிவாக. தமக்குச் சொல்லப்பட்ட முடிவு எதுவோ, அதுதான் நடந்திருக்கும் என்று முன்பே ஊகித்திருக்கலாம் என்றார்கள். அந்தத் தகவல் தங்கள் எண்ணத்தை மாற்றியதை அவர்கள் உணரவில்லை. விபத்து விசாரணையாளர் எவரும் முடிவு தெரிந்த பிறகுதான் வேலையைத் தொடங்குகிறார். இந்த ஆபத்து அவர் கூடவே இருக்கும்.

1974 டிசம்பரின் முதல் வாரம் இந்த வரலாற்றில் கறுப்பு வாரம். முதல் தேதி, வாஷிங்டனை அடுத்த டல்லஸ் விமான நிலையத்துக்கு இறங்கிவந்த டிடபிள்யூஏ 514 வர்ஜீனியாவில் ஒரு மலையில் மோதியது. 92 பேர் இறந்தார்கள். இறங்குவதற்குக் கிளியரன்ஸ் கொடுத்தால் எந்த உயரம் வரை இறங்கலாம் என்பதில் கட்டுப்பாட்டாளர்களும் விமானிகளும் வெவ்வேறாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். மூன்று நாள் கழித்து, நான்காம் தேதி இரவு, சுராபயாவிலிருந்து ஹஜ் பயணிகளோடு கொழும்பு நோக்கி வந்த மார்ட்டின் ஏர் டிசி-8 இலங்கை மலையகத்தில் மஸ்கெலியா அருகே சப்த கன்னியர் மலையில் மோதியது. விமான நிலையத்திலிருந்து தாங்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பதை விமானிகள் தவறாகக் கணித்திருந்தார்கள். 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இலங்கை மண்ணில் நடந்த விமான விபத்துகளில் இன்றுவரை இதுவே பெரியது.

வர்ஜீனியா விபத்தில் விசாரணையாளர்களை உலுக்கிய விவரம் வேறு. ஆறு வாரத்துக்கு முன்பு இன்னொரு நிறுவனத்தின் விமானம் அதே மலைக்கு மேலே அதே குழப்பத்தில் இறங்கி, மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த விமானிகள் தங்கள் நிறுவனத்துக்குள் அறிவித்தார்கள். வெளியே யாருக்கும் போய்ச் சேரவில்லை. இதன் பலனாக 1976-ல் நாசாவின் பொறுப்பில், பெயர் வெளியாகாமல் தவறுகளை அறிவிக்கும் ஏற்பாடு பிறந்தது. வேலை கொடுப்பவரிடமோ தண்டிக்கும் அதிகாரம் உள்ளவரிடமோ அல்லாமல் மூன்றாவது ஒருவரிடம் சொல்லலாம் என்பதுதான் அதன் உயிர். ஃபிட்ஸும் ஜோன்ஸும் கேட்ட கேள்வி நிரந்தர அமைப்பாயிற்று.

இனி டெனரிஃப். கட்டுப்பாட்டாளர் எவரும் இதை மறக்க முடியாது.

1977 மார்ச் 27, ஞாயிறு. கேனரித் தீவுகளில் லாஸ் பால்மாஸ் விமான நிலையத்தில் குண்டு வெடித்தது. வந்த விமானங்களை எல்லாம் பக்கத்துத் தீவான டெனரிஃபின் லாஸ் ரோடியோஸுக்குத் திருப்பினார்கள். மலைமேல் இருந்த சின்ன நிலையம், ஒரே ஓடுபாதை. அங்கே வந்து நின்றவற்றில் கேஎல்எம், பான் ஆம் நிறுவனங்களின் இரண்டு ஜம்போக்கள் இருந்தன. நின்ற விமானங்கள் டாக்ஸிவேயை அடைத்துக்கொண்டதால், புறப்படுகிறவை ஓடுபாதையிலேயே எதிர்த்திசையில் ஊர்ந்து போய்த் திரும்ப வேண்டியிருந்தது.

கேஎல்எம் தலைமை விமானி ஃபெல்தஹவுசன் வான் சாந்தன், அந்த நிறுவனத்தின் ஜம்போ பயிற்சிப் பிரிவின் தலைவர். நிறுவன விளம்பரத்தில் படம் வந்தவர். அவர் மனதை இரண்டு விஷயங்கள் நெருக்கின. ஒன்று, நெதர்லாந்து அப்போது கடுமையாக்கியிருந்த பணிநேர விதி. நேரம் தாண்டினால் அவர்மேலேயே வழக்கு வரலாம். தாண்டாமல் நின்றுவிட்டால் பயணிகளை இரவு எங்கே தங்கவைப்பது? இன்னொன்று, மலையிலிருந்து இறங்கிய மேகம். பார்வைத் தூரம் நிமிடத்துக்கு நிமிடம் மாறிக்கொண்டிருந்தது.

கேஎல்எம் ஓடுபாதையின் கோடிக்குப் போய்த் திரும்பி நின்றது. பான் ஆம் அதே ஓடுபாதையில், மூடுபனிக்குள், எந்த வழியில் வெளியேற வேண்டும் என்று தேடிக்கொண்டு வந்தது. வெளியேறும் வழிகளில் அடையாளப் பலகை இல்லை. கோபுரத்துக்கு இரண்டுமே தெரியவில்லை. தரை ரேடார் கிடையாது. வான் சாந்தன் திராட்டிலை முன்னே தள்ளினார். துணை விமானி தடுத்தார்: இன்னும் கிளியரன்ஸ் வரவில்லை. தெரியும், கேளுங்கள் என்றார் தலைவர். அவர் கேட்டார். கோபுரம் பறக்க வேண்டிய வழிக்கான அனுமதியைச் சொன்னது. அதில் 'டேக் ஆஃப்' என்ற சொல் வந்தது. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே விமானம் ஓடத் தொடங்கிவிட்டது. நாங்கள் இப்போது டேக் ஆஃபில் இருக்கிறோம் என்று அவர் முடித்தார். ஓடத் தொடங்கிவிட்டோம் என்பது அவர் சொன்னது. புறப்படத் தயாராக நிற்கிறோம் என்று கோபுரம் எடுத்துக்கொண்டது. கோபுரம் 'ஓகே' என்றது. ஒரு கணம் இடைவெளி. பிறகு, டேக் ஆஃபுக்குக் காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன் என்றது. சரியாக அந்த நேரத்தில் பான் ஆம், நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பேசியது. இரண்டு குரலும் ஒரே அலைவரிசையில் மோதி, கேஎல்எம் அறையில் கீச்சென்ற ஒலியாகக் கேட்டது. தெளிவாக விழுந்தது 'ஓகே' மட்டும்.

அதற்குப் பின்னும் ஒரு வாய்ப்பு இருந்தது. ஓடுபாதையை விட்டு விலகியதும் தெரிவிக்கிறோம் என்று பான் ஆம் கோபுரத்திடம் சொன்னதைக் கேஎல்எம்மின் விமானப் பொறியாளர் கேட்டார். அப்படியானால் அவர்கள் இன்னும் விலகவில்லையா என்று கேட்டார். விலகியாயிற்று என்று தலைவர் உறுதியாகச் சொன்னார். அதற்குமேல் யாரும் பேசவில்லை. 583 பேர் இறந்தார்கள். கேஎல்எம்மில் இருந்த 248 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. பான் ஆமில் 61 பேர் பிழைத்தார்கள்.

அனுமதி இல்லாமல் புறப்பட்டதே அடிப்படைக் காரணம் என்றது ஸ்பெயின் அறிக்கை. அது உண்மை. இரு தரப்பும் ஒருவரையொருவர் தவறாகப் புரிந்துகொண்டதே காரணம் என்றது நெதர்லாந்து. அதுவும் உண்மை. எனக்கு முக்கியமாகப் படுவது, விசாரணையில் வெளிவந்த சின்னச் சின்ன விவரங்கள். தலைமை விமானி சிமுலேட்டரில் பயிற்சி கொடுத்தே அதிகக் காலம் கழித்தவர். அங்கே கோபுரம் கிடையாது. பயிற்சியாளரே அனுமதியும் கொடுத்துக்கொள்வார். துணை விமானிக்கு ஜம்போவில் நூறு மணி நேரம்கூட ஆகவில்லை. அவருக்குத் தகுதிச் சோதனை நடத்தித் தேர்ச்சி கொடுத்தவர் இதே தலைவர்தான். தேர்வாளரை ஒருமுறை தடுத்தாயிற்று. சில நொடிக்குள் இரண்டாம் முறையும் தடுப்பது எவ்வளவு கடினம் என்று, மேலதிகாரியின் கீழ் வேலை பார்த்த எவருக்கும் சொல்லத் தேவையில்லை.

இதன் பிறகு ரேடியோப் பேச்சின் விதி மாறியது. மேலெழும்ப உண்மையிலேயே அனுமதி கொடுக்கும்போதோ அதை ரத்து செய்யும்போதோ தவிர, 'டேக் ஆஃப்' என்ற சொல்லை வாயில் எடுக்கக் கூடாது. மற்ற எல்லா இடத்திலும் 'டிப்பார்ச்சர்'. எங்களுக்கு இது முதல் வாரப் பாடம். பிடிவாதமாகச் சொல்லிக்கொடுப்போம். சென்னைக் கோபுரத்தில் இன்று பேசுகிறவரும் அந்த 583 பேரால் வந்த விதிக்குள் நின்றுதான் பேசுகிறார்.

அடுத்த ஆண்டு டிசம்பர் 28 அன்று ஓரிகான் மாநிலத்தின் போர்ட்லண்டில் யுனைடெட் 173 எரிபொருள் தீர்ந்து விழுந்தது. லேண்டிங் கியரில் ஐயம் என்று ஏறத்தாழ ஒரு மணி நேரம் வட்டமடித்தார்கள். எரிபொருள் குறைவதை உடன் இருந்தவர்கள் சொன்னார்கள். தலைமை விமானிக்கு உறைக்கும்படி சொல்லவில்லை. 10 பேர் இறந்தார்கள். அமெரிக்க விசாரணை வாரியம் இந்த முறை வெறும் காரணத்தைச் சொல்லி நிறுத்தவில்லை. தலைமை விமானிக்குக் கேட்கவும் மற்றவர்களுக்கு அழுத்திச் சொல்லவும் பயிற்சி கொடுங்கள் என்று பரிந்துரைத்தது. 1979-ல் நாசா சான்ஃபிரான்சிஸ்கோவில் இதற்கென்றே ஒரு பட்டறை நடத்தியது. 1981-ல் யுனைடெட் பயிற்சியைத் தொடங்கியது. சிஆர்எம் என்று இன்று உலகம் முழுக்க நடக்கும் பாடம் இதுதான்.

பதவிக்கு அடங்கிப் பேசாமல் இருப்பது ஆசியப் பண்பாட்டின் குறை என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டெனரிஃபில் இருந்தவர்கள் டச்சுக்காரர்கள், போர்ட்லண்டில் இருந்தவர்கள் அமெரிக்கர்கள். மூத்தவர் தவறும்போது இளையவரின் நாக்கு ஒட்டிக்கொள்வதற்குத் தேச எல்லை கிடையாது.

பழைய தீர்ப்பு அவ்வளவு எளிதில் சாகவில்லை. 1979 நவம்பர் 28 அன்று அண்டார்க்டிகாவைச் சுற்றிப் பார்க்கப் போன ஏர் நியூசிலாந்து விமானம் எரபஸ் மலையில் மோதி 257 பேர் இறந்தார்கள். அரசின் தலைமை விபத்து ஆய்வாளர் விமானிகளின் முடிவையே காரணமாகக் காட்டினார். நீதிபதி பீட்டர் மாஹன் தலைமையில் அமைந்த ஆணையம் இன்னும் தோண்டியது. புறப்படுவதற்கு முந்தைய இரவில் விமானக் கணினிக்கான பாதையின் எண்கள் மாற்றப்பட்டிருந்தன. விமானிகளிடம் சொல்லவில்லை. கடல் மேல் பறக்கிறோம் என்று அவர்கள் நம்பியிருக்க, எந்திரம் அவர்களை மலைக்கு நேரே கொண்டுபோனது. வெண்பனிச் சரிவும் வெண்மேகமும் ஒன்றாகக் கலந்த வெளிச்சத்தில், கண்ணெதிரே இருந்த மலை கண்ணுக்குத் தெரியவில்லை. கண் நன்றாக இருந்தது. பார்க்க எதிர்பார்த்ததையே அது பார்த்தது. மாஹன் நிறுவனத்தின் சாட்சிகளைச் சாடிய விதத்தை மேல்நீதிமன்றங்கள் ஏற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் விபத்து எப்படி நேர்ந்தது என்று அவர் காட்டிய வழி நின்றுவிட்டது. நாற்பது ஆண்டு கழித்து, 2019-ல், நியூசிலாந்துப் பிரதமர் அரசின் சார்பில் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டார்.

நம் நாட்டுக்கு வருவோம். 2010 மே 22 அதிகாலையில் துபாயிலிருந்து மங்களூர் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812, மேசைபோன்ற குன்றின்மேல் அமைந்த ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 158 பேர் இறந்தார்கள், 8 பேர் தப்பினார்கள். ஏர் மார்ஷல் பி.என்.கோகலே தலைமையிலான விசாரணைக் குழு குரல் பதிவைக் கேட்டபோது, இரண்டு மணி நேரப் பதிவில் பெரும்பகுதி பேச்சே இல்லை. தலைமை விமானியின் ஆழ்ந்த மூச்சும் குறட்டையும்தான். இறங்கும் நேரத்தில் விழித்த அவர், மிக உயரத்தில் மிக வேகமாக வந்த விமானத்தை விடாமல் இறக்கினார். திரும்ப மேலே எழும்பிவிடலாம் என்று துணை விமானி மூன்று முறை சொன்னார். எந்திரமும் எச்சரித்துக்கொண்டே இருந்தது.

இதைத் 'தூங்கிய விமானி' என்று செய்தித்தாள்கள் இரண்டு சொல்லில் எழுதின. அறிக்கை அப்படி எழுதவில்லை. தலைமை விமானியின் முடிவை நேரடிக் காரணமாகச் சொல்லிவிட்டு, மேலே போகிறது. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்தவுடன் மூளை முழுதாக இயங்கச் சற்று நேரம் ஆகும். அந்த நிலையில் முடிவெடுக்கும் திறன் குறையும் என்கிறது. மங்களூரின் ரேடார் அந்த நாட்களில் பழுதாகி இருந்ததால் இறங்கும் அனுமதி தாமதமாகவே கிடைத்தது என்று பதிவு செய்கிறது. ஒரு கட்டுப்பாட்டாளனாக அந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ரேடார் இல்லாதபோது விமானங்களுக்கிடையே அதிக இடைவெளி விடுவது எங்கள் கடமை. அதைச் செய்த கை சரியாகத்தான் செய்தது. அதனால் விமானம் உயரத்தில் தங்கிப்போனதும் உண்மை. துணை விமானி ஏன் கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுக்கவில்லை என்பதற்கும் அறிக்கையில் இடம் உண்டு: அவருக்கு அந்த அதிகாரம் எப்போது என்பது பற்றிய உத்தரவுகளே தெளிவாக இல்லாதிருக்கலாம் என்கிறது. தூங்கியவரை மட்டும் திட்டிவிட்டு முடித்திருந்தால் இந்த மூன்றும் நமக்குக் கிடைத்திருக்காது. 2012-ல் விமான விபத்து விசாரணைக்கென்று இந்தியாவில் தனிப் பிரிவும் அமைந்தது.

விபத்து விசாரணைக்கான உலக விதி, பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் பதின்மூன்றாம் இணைப்பு. விசாரணையின் ஒரே நோக்கம் மறுபடி நேராமல் தடுப்பது. பழியையோ பொறுப்பையோ யார்மேலும் சுமத்துவது அதன் வேலை அல்ல என்று அது சொல்கிறது. இந்தியாவும் அதற்குக் கட்டுப்பட்ட நாடு. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் நடந்த விபத்தில் 260 பேர் இறந்தார்கள். ஒரு மாதம் கழித்து வந்த முதற்கட்ட அறிக்கையில், எரிபொருளை ஏன் நிறுத்தினாய் என்று ஒரு விமானி கேட்டதாகவும், நான் நிறுத்தவில்லை என்று மற்றவர் சொன்னதாகவும் இருந்தது. யார் கேட்டார், யார் சொன்னார் என்றுகூட அதில் இல்லை. அந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு, இறந்த மனிதர் ஒருவரின் மனநிலை, குடும்பம், துக்கம் எல்லாவற்றையும் தொலைக்காட்சியில் அலசித் தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள். 1912-ன் குழுவாவது விசாரித்துவிட்டுச் சொன்னது.

வாசகர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். முதற்கட்ட அறிக்கை முப்பது நாளில் வர வேண்டும் என்பது விதி. முழு அறிக்கைக்கு ஓராண்டும் அதற்கு மேலும் ஆகும். அதுவரை யார் தவறு என்று சொல்கிறவரை நம்பாதீர்கள், நீங்களும் சொல்லாதீர்கள். அறிக்கை வந்த அன்று யாரும் விவாதம் நடத்த மாட்டார்கள். அன்று எடுத்துப் படியுங்கள். மங்களூர் அறிக்கை பொதுவில் இருக்கிறது, யாரும் படிக்கலாம். அதிலிருந்து தொடங்குங்கள்.